மதிப்பிற்குரிய மிட்டாய் அவர்களுக்கு

அவளை எல்லோரும் எரர் அக்கா என்றுதான் அழைத்தார்கள். பாதிப் பேர் நேருக்கு நேர், மீதிப் பேர் முதுகுக்குப் பின்னால். இரு தரப்புக்கும் அவளிடம் ஒரே பதில்தான்.

"எரர் போடறவ நான் இல்ல, எடுக்கறவ. பல் டாக்டரை யாராவது சொத்தைன்னு கூப்பிடுவாங்களா?"

வயது நாற்பத்தாறு. ஒல்லியான உடம்பு, கனமான கண்ணாடி, அதைவிடக் கனமான தோள்பை. பைக்குள் சொந்தமாக ஒரு கீபோர்டு வைத்திருப்பாள். பிறத்தியார் கீபோர்டில் கை வைக்க மாட்டாள். அதற்குள் நாலு வருட பிஸ்கட் தூள் இருக்கும் என்பது அவள் அனுபவம்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு விபத்து. பத்தொன்பது வயதில் ஓர் அச்சகத்தில் விசிட்டிங் கார்டு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. எழுதிக்கொடுத்தவன் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று மூன்று நாள் இழுத்தடித்தான். நாலாம் நாள் இவள் பொறுக்கமாட்டாமல் உள்ளே திறந்து பார்த்தாள். எல்லாம் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் விசிட்டிங் கார்டுகளில் எழுத்துப் பிழை தேடித் தேடித் தேறிய கண். ஒரு வரியில் காற்புள்ளி ஒன்று இல்லாதது உறுத்தியது. போட்டாள். சாஃப்ட்வேர் ஒன்றும் நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு, அச்சகம் மூடிய பிறகும் விடவில்லை.

இப்போது அவள் கையில் ஐந்து இடங்கள் இருந்தன. ஒரு கால்நடை மருத்துவமனை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை, ஒரு நீச்சல்குளம், ஒரு டைல்ஸ் கிடங்கு, ஒரு டிரைவிங் ஸ்கூல். ஐந்திலும் மேசைக் கம்ப்யூட்டரில் ஓடும் பழைய சாஃப்ட்வேர்கள். எழுதியவர்கள் எங்கே என்று கேட்டால், ஒருவர் வெளிநாடு போய்விட்டார், ஒருவர் தேனீ வளர்க்கிறார், மற்றவர்கள் போனை எடுப்பதில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஆக, வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பிழைப்பு. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன, இன்னிக்கு எங்க?"

"நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல. உனக்கு?"

"எனக்கு இருநூத்திப் பதினேழாவது வரியில."

உள்ளே போனில் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கும் மாமியார், தலையை நிமிர்த்தாமல் கேட்பார். "யாரும் உள்ள மாட்டிக்கலயே?" கேள்வி மகனுக்கா மருமகளுக்கா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் "இல்லம்மா" என்பார்கள்.

சங்கதி ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை. கால்நடை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். ஆள் ஆஜானுபாகு. மிருகங்களிடம் தேன் ஒழுகப் பேசுவார், மனிதர்களைக் கண்டால் குரல் தானாக உயர்ந்துவிடும்.

"இந்தாம்மா, அந்த நீதிபதி வந்து ஒரு பாட்டம் கத்திட்டுப் போயிட்டாரு. தடுப்பூசி ஞாபகக் கார்டுல வெறும் பேரை மட்டும் போட்டு அனுப்பறோமாம். திரு இல்லையாம், ஓய்வுபெற்ற நீதிபதி இல்லையாம். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸாம். எல்லாருக்கும் பேருக்கு முன்னால ஒரு பட்டம் போட வழி பண்ணு."

"எல்லாருக்குமா டாக்டர்?"

"எல்லாருக்கும்தான். அவருக்கு மட்டும் போட்டா அடுத்தவன் வந்து கத்துவான்."

எரர் அக்கா உட்கார்ந்தாள். பதிவு ஜன்னலில் 'பட்டம்' என்று புதிதாக ஒரு பெட்டி வைத்தாள். அதில் அடிப்பதையும் பெயரையும் ஒட்டவைத்து உரிமையாளர் பெயராகச் சேமிக்க வேண்டும். அதற்காகப் பழைய வரி ஒன்றை எடுத்துவிட்டுப் புது வரி எழுதப் போனாள். அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு பூனை டாக்டரின் கையைப் பதம் பார்த்துவிட்டது. டாக்டர் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினார்கள், இவளும் ஓடினாள். பஞ்சு, டிஞ்சர், சமாதானம் எல்லாம் முடிந்து வந்தபோது மருத்துவமனை பூட்டும் நேரம். பழைய வரியை எடுத்தது நிஜம். புது வரியைப் போட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தடுப்பூசி வாரம் தொடங்கியது. காலை ஒன்பதரைக்கு அவள் போன் அலறியது. மறுமுனையில் டோக்கன். வருகிறவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வரவேற்புப் பெண்ணுக்கு அதுவே பெயராகிவிட்டிருந்தது. தன்னை யாரும் மதிப்பதில்லை என்பது அவளுடைய நெடுநாள் குறை.

"அக்கா, இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன திமிரு பாருங்க! மதிப்பு கொடுக்கலன்னு சொல்லுது."

"யாருக்கு?"

"அதுக்குத்தான்! 'தேவையான மதிப்பு கொடுக்கப்படவில்லை'ன்னு பெட்டி பெட்டியா வருது. எட்டு வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன், எனக்கு யாரு மதிப்பு குடுத்தா? நான் கேட்டேனா?"

அந்த சாஃப்ட்வேரை எழுதியவர்தான் இப்போது தேனீ வளர்ப்பவர். தமிழ்மேல் தீராத காதல் கொண்டவர். எந்த மெஷின் எந்த மொழியில் திட்டினாலும் அதைத் தமிழில்தான் திரையில் காட்டுவார். கோப்பு கிடைக்காவிட்டால் 'கோப்பு அகப்படவில்லை, பொறுத்தருள்க' என்று வரும். டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளையில் நிரப்ப வேண்டிய இடம் ஒன்று காலியாக இருந்தால், 'தேவையான மதிப்பு கொடுக்கப்படவில்லை' என்று வரும். எரர் அக்காவுக்கு மண்டையில் உறைத்துவிட்டது. சனிக்கிழமை வரி!

பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் போய் இறங்கினாள். வாசல் வரை கூட்டம். நாய்கள் ஒரு பக்கம், பூனைக் கூடைகள் ஒரு பக்கம், அவற்றுக்கு நடுவே எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் முயலோடு ஒரு ஆள். ஃபினாயில் வாசனையும் ஈர ரோமத்தின் வாசனையும் கலந்து மூக்கை அடைத்தன. டோக்கனின் மேசையில் யாரோ இறக்கி வைத்த கூண்டிலிருந்து கிளி ஒன்று தலையை நீட்டி மவுஸ் ஒயரைக் கொத்திக்கொண்டிருந்தது.

"சீக்கிரம்மா!" என்று உள்ளேயிருந்து டாக்டர் கர்ஜித்தார். "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று கிளியும் பிடித்துக்கொண்டது.

எரர் அக்கா தன் கீபோர்டை மாட்டினாள். கட்டளையைத் திறந்தாள். மதிப்புகள் வந்து உட்கார வேண்டிய இடத்தில் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள் இருக்கும். முதல் கேள்விக்குறி விலங்கின் பெயருக்கு, இரண்டாவது உரிமையாளர் பெயருக்கு, பிறகு இனம், குணம், தொலைபேசி, முகவரி. ஆறு கேள்விக்குறி. கீழே மதிப்பு கொடுக்கும் வரிகளை எண்ணினாள். ஐந்துதான். உரிமையாளர் வரியைக் காணோம். பட்டத்தையும் பெயரையும் சேர்த்து அந்த ஒற்றை வரியை அடித்தாள், கர்சர் எங்கே நின்றதோ அங்கே. கர்சர் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

சோதனைக்கு டோக்கன் 'சேமி' பொத்தானை அழுத்தினாள். 'இனிதே சேமிக்கப்பட்டது' என்றது திரை. கூட்டத்தில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். எரர் அக்கா கீபோர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்து டைல்ஸ் கிடங்குக்குப் பறந்தாள்.

அந்த வாரம் முழுவதும் ஒரு புகாரும் இல்லை. டாக்டரின் உத்தரவுப்படி, வந்த எல்லோருக்கும் பழைய பதிவை அழித்துவிட்டுப் பட்டத்தோடு புதுப் பதிவு போட்டாள் டோக்கன். சனிக்கிழமை சாயங்காலம், இரண்டாம் தவணை ஊசிக்கான ஞாபகக் கார்டுகள் தொண்ணூற்று நாலு அச்சாகி, உறையில் ஏறி, தபாலில் சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை காலை நீதிபதி வந்தார்.

கையில் கார்டு. இன்னொரு கையில் சங்கிலி, சங்கிலியின் முனையில் மிட்டாய். பேருக்குத்தான் மிட்டாய், அந்தத் தெருவில் அது கடிக்காத கணுக்கால் குறைவு. நீதிபதிக்குப் பின்னால் அவர் மனைவி, வாயைக் கைக்குட்டையால் பொத்தியபடி. அழுகிறார் என்று நினைத்து டோக்கன் தண்ணீர் நீட்டினாள். பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"படி" என்றார் நீதிபதி. "சத்தமா."

டோக்கன் படித்தாள்.

"மதிப்பிற்குரிய மிட்டாய் அவர்களுக்கு. தாங்கள் அன்போடு வளர்த்துவரும் மாண்புமிகு ஓய்வுபெற்ற நீதிபதிக்கு, இனம் நாய், குணம் கடிக்கும், இரண்டாம் தவணை வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கழுத்தில் பட்டை கட்டி, வாய்மூடி போட்டு, இறுக்கிப் பிடித்து அழைத்து வரவும். வரும் வழியில் குப்பையில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளவும்."

காத்திருந்தவர்களில் ஒருவருக்குப் புரையேறியது. நீதிபதியின் மனைவி அதற்குமேல் தாங்கமாட்டாமல் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். "குணம் மட்டும் சரியாப் போட்டிருக்காங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

"நீ சும்மா இரு!" என்று உறுமினார் நீதிபதி. மிட்டாய் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் படுத்துக்கொண்டது.

டாக்டர் வெளியே வந்து கார்டை வாங்கிப் பார்த்தார். டோக்கனைத் திரும்பிப் பார்த்தார். "நீ படிக்காமலா அனுப்பின?"

"ரெண்டு மூணு படிச்சேன் டாக்டர்."

"அப்புறம்?"

"நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, இங்க முதல் மரியாதை மிருகங்களுக்குத்தான்னு. புது ஏற்பாடு போலன்னு நெனச்சேன்."

எரர் அக்கா வந்து சேர்ந்தபோது நிலைமை இன்னும் முற்றியிருந்தது. போன் ஓயாமல் அடித்தது. ஒரு அம்மா தன் பூனைக்கு வந்த முதல் தபால் என்று பூரித்துப் போய், கண்ணாடிச் சட்டம் போடப்போவதாகச் சொன்னார். இன்னொருவர், தனக்கு ஊசி போட எப்போது வர வேண்டும், வெறும் வயிற்றிலா என்று விசாரித்தார்.

"கம்ப்யூட்டர் தப்பு சார்" என்று டாக்டர் நீதிபதியிடம் குழைந்துகொண்டிருந்தார். மனிதர்களிடம் அவர் குழைந்து யாரும் பார்த்ததில்லை. "பழைய மெஷின். பழைய சாஃப்ட்வேர். எழுதினவரு இப்ப தேனீ..."

டோக்கனின் மேசையருகே நின்ற எரர் அக்காவுக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. தேனீக்காரர் எங்கோ மலைப்பக்கம் இருக்கிறார். பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டால் கேட்க நாதி இல்லை. இருபது வருடமாக இந்தத் தொழிலில் உள்ளவர்கள் செய்வதும் அதுதான். ஆனால் அவள் அதற்குள் திரைக்கு முன்னால் குனிந்து அந்த வரியைப் பார்த்துவிட்டிருந்தாள். மேலே ஏறி உட்கார்ந்திருந்த வரி அவளுடையது. அவள் கையெழுத்துப் போலவே அவளுக்குத் தெரிந்தது.

"கம்ப்யூட்டர் இல்ல சார்" என்றாள். "நான்தான்."

நீதிபதி திரும்பினார். முப்பத்தைந்து வருடப் பழக்கம், நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லணும். போன திங்கக்கிழமை காலையில நீ இங்க வந்தே."

"வந்தேன் சார்."

"எதுக்கு?"

"ஒரு மதிப்பு விட்டுப் போயிருந்தது சார். அதைப் போட."

"யாரோட மதிப்பு?"

"உங்களோடதுதான் சார். உரிமையாளர் பேரு."

பெஞ்சிலிருந்து மறுபடி ஒரு விம்மல் சத்தம். நீதிபதி கண்டுகொள்ளவில்லை.

"போட்டியா?"

"போட்டேன். ஆனா இடம் மாத்திப் போட்டுட்டேன். அங்க ஆறு கேள்விக்குறி இருக்கு சார், ஆறு நாற்காலி மாதிரி. நாம அனுப்பற மதிப்பெல்லாம் வந்த வரிசையில போய் உக்காந்துக்கும். முதல்ல போறது முதல் நாற்காலி. நான் உங்களை முதல்ல அனுப்பிட்டேன். அது மிட்டாயோட நாற்காலி. மிட்டாய் ரெண்டாவதாப் போயி உங்க நாற்காலில உக்காந்துடுச்சு."

"நாற்காலியில யாரு பேரும் எழுதியிருக்காதா?"

"கட்டளையில எழுதியிருக்கு சார். ஆனா உள்ள விடறவன் பேரைப் பாக்க மாட்டான். எண்ணிக்கையை மட்டும்தான் பாப்பான். ஆறு நாற்காலிக்கு அஞ்சு பேரு வந்தா சத்தம் போடுவான். ஆறு பேரு வந்துட்டா, எவன் எங்க உக்காந்தா அவனுக்கென்ன?"

நீதிபதியின் புருவம் மெல்லத் தளர்ந்தது. கார்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"என் கோர்ட்டுல ஒரு டவாலி இருந்தான்" என்றார். "கூட்ட நேரத்துல ரெண்டு பேரைக் கூப்பிட்டு, புகார் குடுத்தவனைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்திட்டான். திருட்டுக் கேஸ். நான் அவனை அரைமணி நேரம் கேள்வி கேட்டேன். பயத்துல அவனும் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்."

"அப்புறம் சார்?" என்றாள் டோக்கன், கன்னத்தில் கை வைத்தபடி.

"அப்புறம் என்ன, திருடன் எழுந்து 'அய்யா, அது நான்'னான். மனசு கேக்கல அவனுக்கு." நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எரர் அக்காவிடம் வந்தார். "கடைசிக் கேள்வி. போட்டு முடிச்சதும் சோதிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன் சார். அந்தச் செய்தி வரல."

"செய்தி வரலன்னு பாத்தே. சேமிச்சது என்னன்னு எடுத்துப் பாத்தியா?"

எரர் அக்கா பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் அல்ல. செய்தி மறைந்தால் வேலை முடிந்தது என்பதுதான் இருபது வருடமாக அவள் கணக்கு.

"பாக்கல சார்."

"ம்" என்றார் நீதிபதி. தீர்ப்பு அவ்வளவுதான். மிட்டாயை இழுத்துக்கொண்டு கிளம்பினார். கார்டைக் கிழிக்கப் போனவர் கையிலிருந்து அவர் மனைவி லாகவமாக அதைப் பறித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அது பிறகு அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் நிரந்தரமாகக் குடியேறியதாகக் கேள்வி.

வரியை அதன் இடத்துக்கு இறக்க அவளுக்கு அரை நிமிடம் ஆனது. கெட்டுப்போன பதிவுகளைச் சரிசெய்வதில்தான் தாவு தீர்ந்தது. ஒரே கட்டளையில் தொண்ணூற்று நாலு பேரையும் இடம் மாற்றிவிடலாம் என்று அவள் கையைத் தூக்கியபோது டோக்கன் ஓடி வந்தாள்.

"அக்கா, நான் காலையிலேயே கொஞ்சம் பேருக்குக் கையால மாத்திட்டேன்."

"எத்தனை பேருக்கு?"

"போன்ல திட்டினவங்களுக்கெல்லாம்."

"யாரு யாருன்னு குறிச்சு வெச்சிருக்கியா?"

"திட்டறப்போ எப்படிக்கா குறிக்கறது?"

ஒட்டுமொத்தமாக மாற்றினால் திட்டினவர்கள் மறுபடி நாயாவார்கள். பட்டப் பெட்டி வைத்த சனிக்கிழமை கிளம்பும்போது அவள் எடுத்து வைத்திருந்த பழைய பிரதி எழுபத்தொரு பேருக்குக் கைகொடுத்தது. பழைய வாடிக்கையாளர்கள், தொலைபேசி எண்ணை வைத்துப் பொருத்திவிட்டாள். மீதி இருபத்து மூன்று பேர் புதியவர்கள். அவர்களில் யார் மனிதர், யார் பிராணி என்று பெயரை வைத்துச் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் பிள்ளைக்குச் செல்லப்பெயரும் நாய்க்குப் பெரிய மனிதர் பெயரும் வைக்கிறார்கள். ஒவ்வொருவராகப் போன் போட்டாள்.

"வணக்கம், கால்நடை ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். உங்க வீட்டுல சேர்மன்கறது..."

"நான்தான். போன வருஷம் வரைக்கும் சேர்மன். இப்ப வேற ஆளு. சொல்லுங்க."

"மன்னிச்சுக்கோங்க சார். நாய் பேரு என்னன்னு சொல்ல முடியுமா?"

"அதுக்கும் அதே பேருதாம்மா. பதவி போனப்புறம் யாராவது அப்படிக் கூப்பிடட்டுமேன்னு பேத்தி வெச்சா."

அடுத்த வீட்டில் ஒரு பெண்மணி எடுத்தார்.

"அம்மா, மாப்பிள்ளைக்குப் போன வாரம் ஊசி போட்டீங்களே..."

"எந்த மாப்பிள்ளைக்கு?" குரலில் பதற்றம். "அவருக்கு என்ன ஆச்சு? பொண்ணு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே!"

"இல்லம்மா, நாய்..."

"நாய் கடிச்சிடுச்சா!"

அந்த வீட்டு நாயின் பெயர்தான் மாப்பிள்ளை என்பதும், சாப்பிட்டதும் தூங்கிவிடுவதால் வந்த பெயர் அது என்பதும், நிஜ மாப்பிள்ளைக்கு இது தெரியவே கூடாது என்பதும் தெளிவாக இருபது நிமிடம் ஆனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. கணவன் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து அவன் கையிலிருந்த தட்டு நழுவியது. கடைசிக் கேள்வியைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"நான் லிஃப்ட் சரி பண்ணினா, ஒரு தடவை மேல கீழ போய்ட்டுதான் சாவியைக் குடுப்பேன்" என்றான்.

"ஓசிச் சவாரின்னுல்ல நெனச்சேன்."

"ஒரு தடவை அஞ்சை அமுக்கினேன், ரெண்டாவது மாடில இறக்கி விட்டுச்சு. கதவெல்லாம் அம்சமாத் திறந்து மூடுச்சு."

"யாரும் உள்ள மாட்டிக்கலயே?" என்றார் மாமியார் உள்ளேயிருந்து.

"தெரியலம்மா" என்றாள் எரர் அக்கா. இருபது வருடத்தில் முதல் தடவையாக அப்படிச் சொன்னாள். இதுவரை எத்தனை செய்திகளை மறைய வைத்திருப்பாள்! அவற்றுக்குப் பின்னால் எத்தனை பேர் யார் யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களோ?

மறுநாளிலிருந்து யாரும் கூப்பிடாமலே போனாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் இடக் கண்ணும் வலக் கண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பெருமூச்சு விட்டாள். நீச்சல்குளத்தில் உயரமும் வயதும் ஒழுங்கு. கிடங்கில் டைல்ஸின் நீளம் அகலமாகவும் அகலம் நீளமாகவும் இருந்தது, ஆனால் அவர்கள் விற்பது எல்லாம் சதுர டைல்ஸ். சத்தம் காட்டாமல் திருத்திவிட்டு வந்தாள்.

கடைசியாக டிரைவிங் ஸ்கூல். நாலு வருடத்துக்கு முன்னால் இங்கேயும் ஒரு மதிப்பு விட்டுப் போன எரர் எடுத்த ஞாபகம் இருந்தது. பதிவுகளைத் திறந்தாள். 'ரத்தப் பிரிவு' என்ற பத்தியில் வரிசையாகக் காலை, மாலை, மாலை, காலை என்று இருந்தது. பக்கத்தில் 'பேட்ச்' என்ற பத்தியில் ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ், ஏ நெகட்டிவ். ஸ்கூல் முதலாளியைக் கூப்பிட்டாள். பருத்த, சாந்தமான மனிதர். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குக் கார் கற்றுக்கொடுத்துக் கற்றுக்கொடுத்து எதற்கும் பதறாத நிலையை எட்டியவர்.

"அண்ணே, இந்த ஸ்கூல்ல எத்தனை பேட்ச்?"

"நாலும்மா. முன்னால காலை மாலைன்னு ரெண்டுதான் இருந்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டரே ஏ, பி, ஓ, ஏபின்னு பிரிக்க ஆரம்பிச்சிடுச்சு. ஏ காலையில ஏழு மணி, பி ஒன்பது மணி, ஓ சாயங்காலம். ஏபில எப்பவும் ரெண்டு மூணு பேருதான் வருவாங்க, அதை மத்தியானத்துல வெச்சுட்டோம்."

"பாசிட்டிவ், நெகட்டிவ்?"

"நெகட்டிவ்னா கொஞ்சம் பாத்துச் சொல்லிக் குடுக்கணும்னு எடுத்துக்கிட்டோம். அவங்களுக்கெல்லாம் ரெட்டைப் பிரேக் வண்டி."

எரர் அக்கா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். முதலாளி நிதானமாகக் கேட்டார். ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு ரெட்டைப் பிரேக் வண்டி வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

"அப்ப நாலு வருஷமா ரத்தத்தை வெச்சா வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தோம்?"

"ஆமாண்ணே. தப்பு என்னோடது. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடறேன்."

பண்ணினாள். ஆயிரத்து நூறு பதிவுகளையும் இடம் மாற்றி, முன்னும் பின்னும் நூறு பேரை எடுத்துப் படித்துப் பார்த்து, நிம்மதியாக வீடு திரும்பினாள். மறுநாள் சாயங்காலம் முதலாளியே கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு பதினோரு பேரு வாசல்ல நிக்கிறாங்க. ஓ பேட்ச். இனிமே ஓ பேட்ச் இல்லன்னு சொன்னா போக மாட்டேங்கறாங்க. ஒண்ணாவே கத்துக்கிட்டு ஒண்ணாவே டெஸ்ட்டுக்குப் போகணுமாம். எங்களுக்கும் நாலு பேட்ச் பழகிப்போச்சு. பழையபடி ஆக்கிக் குடுத்துடேன்."

"அது தப்புண்ணே!"

"தப்பா இருந்தப்போ எல்லாம் சரியாத்தானே நடந்துச்சு?"

மறுபடி போனாள். வாசலில் நின்ற பதினோரு பேரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உட்கார்ந்து, ரத்தப் பிரிவை ரத்தப் பிரிவாகவே வைத்துக்கொண்டு, பேட்ச் என்ற இடத்தில் முதலாளி விரும்பும் பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி போட்டுக்கொடுத்தாள். எட்டுக் கேள்விக்குறி, எட்டு மதிப்பு. ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணினாள். பிறகு தன் விவரத்தையே சோதனைப் பதிவாக அடித்துச் சேமித்து, மறுபடி எடுத்து வாய்விட்டுப் படித்தாள். பெயர் பெயரில் இருந்தது. வயது வயதில் இருந்தது. ரத்தம் ஏபி நெகட்டிவ், பேட்ச் ஏபி, இரண்டும் அதனதன் இடத்தில். எல்லாம் கச்சிதம். மகிழ்ச்சியில் அந்தச் சோதனைப் பதிவை அழிக்க மறந்து கிளம்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் ஒரு மணிக்கு, அவள் வீட்டு வாசலில் ரெட்டைப் பிரேக் வண்டி வந்து நின்று ஹார்ன் அடித்தது.

"ஏபி பேட்ச்சுக்கு இன்னிக்கு முதல் கிளாஸ் அக்கா" என்றார் பயிற்சி கொடுப்பவர், தலையை வெளியே நீட்டி. "லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு."

விளக்கிச் சொல்லத்தான் வாயெடுத்தாள். பின்சீட்டில் ஏபி பேட்ச்சின் மற்ற இரண்டு பேரும் ஆவலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் உள்ளேயிருந்து, "போயிட்டு வாயேன், தினமும் ஸ்கூட்டர்லயே அலையற" என்றார், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எரர் அக்கா தோள்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதுல எது பிரேக்?" என்றாள்.